பொட்டு வைத்த எஞ்சின்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் முழங்கை நீளத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. சக்கரம், புகைபோக்கி, விசில் எல்லாம் உண்டு. தண்ணீர் கொதிக்கும் செப்புப் பொயிலர் இன்றும் பளபளக்கிறது. வருகிறவர்கள் முதலில் அதன் அழகைப் பார்ப்பார்கள். பிறகு பொயிலரின் முன்தகட்டில் இருக்கும் குங்குமத்தைக் கண்டு, "இதென்ன, எஞ்சினுக்கும் பொட்டோ?" என்று சிரிப்பார்கள். அக்கா பதில் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து அந்தப் பொட்டை வைப்பவள் அவள்தான். எஞ்சினைச் செய்தவர் அக்காவின் கணவர், என் அத்தான். அவர் காலமாகிச் சில வருடங்களாகிவிட்டன. இவ்வளவு காலமும் வந்தவர்களின் கேள்விக்கு நானும் சிரித்து மழுப்பியதுதான். இனியும் மழுப்பினால் கதை எங்களோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

அத்தானின் தொழில் பல் கட்டுவது. பல் வைத்தியர்கள் ஆட்களின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அத்தான் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக் கராஜில் இருந்து பொய்ப்பல் செய்து கொடுப்பார். கடலை நோக்கி இறங்கும் சந்து போன்ற ஒழுங்கையில் இருந்தது அந்த வீடு. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் எனக்குக் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவர்களோடு தங்கினேன். எனக்கு எதையும் திறந்து பார்க்காவிட்டால் சோறு இறங்காது. வந்த முதல் கிழமையே கராஜுக்குள் நுழைந்துவிட்டேன். தட்டு முழுக்கச் சாந்தில் வார்த்த பற்கள். ஊரிலுள்ள பெரிய மனிதர்களெல்லாம் வாயை மட்டும் அங்கே கழற்றி வைத்துவிட்டுப் போனது போலிருந்தது. அந்தப் பல் வரிசைகளுக்கு நடுவே ஆறு சின்னச் சக்கரங்கள்.

பல்லுக்கு உறை செய்ய மெழுகில் உருச் செய்து, அதைச் சுற்றிச் சாந்து பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்தப் பள்ளத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். அத்தான் அதே முறையில் எஞ்சினின் சிறு உறுப்புகளைப் பித்தளையில் வார்த்துக்கொண்டிருந்தார். ஒரே சூளையில் ஒரு நாள் யாரோ ஒரு முதலாளியின் கடைவாய்ப்பல், மறுநாள் விசில். முதலாளிக்கு விசிலைக் கட்டி அனுப்பிவிடாதீர்கள் என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். ஏன் இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன். கடற்கரை ரயில் பாதையில் கோச்சி கடகடத்துப் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "சின்னனில கரிக்கோச்சியில வந்தனான் பிள்ளை. தண்ணியும் நெருப்பும் சேந்து அவ்வளவு பெரிய சாமானை இழுக்கும் எண்டு எனக்கு இண்டைக்கும் நம்பிக்கை வரேல்லை. அதுதான் செய்து பாக்கிறன்." அக்காவுக்கு அதில் ஒரு வியப்பும் இல்லை. "சோத்துப்பானை மூடி ஆடுறதை நான் நாள் முழுக்கப் பாக்கிறன். அதுக்கு ஏன் இந்தப் பாடு?" என்பாள்.

அந்த நாட்களில் கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் மறுநாள் இராணுவத்தினர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைப்பார்கள். அடையாள அட்டை பார்ப்பார்கள், வீடு முழுக்கக் கிளறுவார்கள். இரண்டு வீடு தள்ளி அறை எடுத்திருந்த பெடியன் ஒருவனை, பிரித்துப்போட்ட ரேடியோ ஒன்று வைத்திருந்ததற்காகக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அக்காவுக்கு நித்திரை குறைந்துவிட்டது. அத்தானின் மேசையில் அப்போது பொயிலர் உருவாகிக்கொண்டிருந்தது. தடித்த செப்புக் குழாய். அடிப்பக்கம் தகடு வைத்து ஒட்டியாயிற்று, முன்பக்கம் இன்னும் திறந்தபடி. விளக்கம் சொல்ல நேரமில்லாத இடத்தில் அது குண்டாகத்தான் தெரியும் என்பது மூவருக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை விடிய, பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "ஆமி வந்திட்டாங்கள்!" என்றாள். அத்தான் கராஜில் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஒளிக்க இடமில்லை, ஒளித்து வைத்து அகப்பட்டால் இன்னும் மோசம். பூசைக்குத் தேங்காயும் மாவிலையும் எடுத்து வைத்திருந்த அக்கா கராஜுக்குள் போனாள். பொயிலரைத் தூக்கி வந்து சாமி அறையில் அரிசி பரப்பி நிறுத்தினாள். "வெறுங்கும்பம் கூடாது, தண்ணி கொண்டு வா" என்றாள் என்னிடம். பொயிலரின் பக்கவாட்டில் இருந்த துளைகளை அத்தான் பல்லுக்கட்டும் மெழுகு வைத்து அடைத்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். சிவப்புப் பட்டுத் துண்டைச் சுற்றி, வாயில் மாவிலை செருகி, தேங்காயை வைத்து, பொட்டு வைத்து, விளக்கையும் ஏற்றிவிட்டாள் அக்கா. பூரண கும்பம்.

வந்தவர்களில் இளையவன் ஒருவன் கராஜில் பல் வரிசைகளைக் கண்டு "அம்மோ!" என்று பின்வாங்கினான். அதிகாரி சாமி அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். சப்பாத்தோடு உள்ளே வரவில்லை. "மே மொகத?" இது என்ன என்று கும்பத்தைக் காட்டிக் கேட்டார். அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "பூஜாவ, மாத்தயா" என்றாள். "ஆ, புன் கலச" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர்கள் வீட்டுச் சடங்குகளிலும் நிறைகுடம் உண்டல்லவா. சக்கரங்களைக் கையிலெடுத்துப் பார்த்து, விளையாட்டுச் சாமான் என்று அத்தான் சொன்னதை ஏற்றுக்கொண்டு போய்விட்டார்கள். கும்பத்தின் முன் கண்ணை மூடியிருந்த அக்கா அப்போதும் திறக்கவில்லை. அவள் நடிக்கவில்லை, உண்மையாகவே கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று நாள் பொறுத்து அத்தான் பொயிலரை எடுக்கப் போனார். அக்கா வாசலில் நின்றுகொண்டாள்.

"சாமியா வைச்சுக் கும்பிட்டதை நெருப்பில வைக்கிறதே?"

"அது பொயிலரப்பா."

"வெள்ளிக்கிழமை விடியுமட்டும்தான் அது பொயிலர். உங்களைக் காப்பாத்தினது அது. நான் தரமாட்டன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். அத்தான் திரும்பிக் கராஜுக்குப் போனார். வேறொன்று செய்யலாமே என்று நான் விடாமல் கேட்டேன். தமிழன் ஒருவன் கடையில் போய்ச் செப்புக் குழாய் கேட்கிற காலமா இது என்றார். அந்த ஒரு துண்டும் இனக்கலவரங்களுக்கு முந்திய காலத்தில் வாங்கியது. பொயிலர் இல்லாமலே மிச்ச வேலையைச் செய்தார். சட்டம், சிலிண்டர், தண்டுகள் எல்லாம் முடிந்ததும் சைக்கிள் பம்பைப் பூட்டி என்னைக் காற்றடிக்கச் சொன்னார். சக்கரங்கள் சுழன்றன! நான் கத்தினேன். அக்கா அகப்பையோடு ஓடி வந்து பார்த்துவிட்டு, "இப்ப ஓடுதுதானே, பிறகென்ன?" என்றாள். காற்றில் ஓடுவது ஓட்டமில்லை என்று அவளுக்குச் சொல்ல அத்தான் வாயெடுத்தார், பிறகு பம்பைக் கழற்றினார். எனக்கு அக்காவில் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த வருடம் ஒரு நாள் காலையில் அக்கா என்னைக் கூப்பிட்ட குரலில் பயந்துபோனேன். வெள்ளிதோறும் தண்ணீரும் தேங்காயும் மாற்றி வைத்த கும்பத்தின் அடியில் அரிசி நனைந்திருந்தது. பட்டு ஈரம். "கும்பம் கசியுது" என்றாள். கசியும் பாத்திரத்தைக் கும்பமாக வைக்கக்கூடாது என்பது அவளுடைய சாத்திரம். அத்தானுக்கு ஏதோ வரப்போகிறது என்பது அவளுடைய பயம். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். இனி அவள் எந்த வாயால் மறுப்பாள்?

அத்தான் பொயிலரைக் கராஜுக்குக் கொண்டுபோய்த் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, அடித்தகட்டின் ஓரத்தில் ஊசித்துளை ஒன்றைக் கண்டுபிடித்தார். அவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சந்தோஷம். "பாரும், நான் ஒட்டினதில பிழை. இதோட நெருப்பு வைச்சிருந்தா என்ர மூஞ்சை அவிஞ்சிருக்கும். உம்மட அக்கான்ர சாமி வடிவாச் சோதிச்சுப்போட்டுது!" வெள்ளி கலந்த பற்றாசை உருக்கி ஓட்டையை அடைத்தார். ஆறிய பிறகு பொயிலரை எஞ்சின் சட்டத்தின் மேல் ஒருமுறை வைத்தார். அச்சாகப் பொருந்தியது. அப்போதுதான் அது முதன்முதலாக எஞ்சினாகத் தெரிந்தது. தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், புகைபோக்கி வரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு பொயிலரைத் தூக்கி என் கையில் தந்தார்.

"கொண்டுபோய் வையும். இனிக் கசியாது எண்டு சொல்லும்."

"உங்களுக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே, அத்தான்?"

"காலமை அவ நடுங்கினதை நீர் பாக்கேல்லையே? எனக்கு இது ஓடுமோ எண்ட கேள்வி மட்டும்தான். அவவுக்கு நான் இருப்பனோ எண்ட கேள்வி."

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு என் கோபம் போய்விட்டது. யாரில் கோபிப்பது என்றும் தெரியவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு சமாதானம் என்று பேசத் தொடங்கினார்கள். வாய்க்கால் பாலத்தடிச் சோதனைச் சாவடியின் மண்மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். ஒரு மாலை, பையைத் திறந்து காட்டாமல் வேலையிலிருந்து வீடுவரை நடந்து வந்தேன். கை சும்மா இருக்க வெட்கமாகக்கூட இருந்தது. அடுத்த வெள்ளி பூசை முடிந்ததும் அக்கா கும்பத்துத் தேங்காயை எடுத்து உடைத்துச் சம்பல் போட்டாள். பட்டை அவிழ்த்து, பொயிலரைப் புளிபோட்டு மினுக்கி, பல் வரிசைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தாள். "இஞ்சேருங்கோ, கும்பத்திட்டக் கேட்டுப்போட்டன். கொண்டுபோய் ஓட்டுங்கோ." எஞ்சினுக்கு அடியில் எரியும் ஸ்பிரிட் அடுப்புக்கு வேண்டிய திரியையும் அவளே திரித்துக் கொடுத்தாள்.

முன்தகட்டை ஒட்டி, எல்லாவற்றையும் பூட்டி முடித்து, முற்றத்தில் இரும்புப் பட்டியால் வட்டமாகத் தண்டவாளம் போட்டார் அத்தான். அக்கா பொட்டு வைத்த பிறகுதான் திரியைக் கொளுத்த விட்டாள். நாங்கள் குந்தியிருந்து காத்திருந்தோம். முதலில் ஒரு முனகல். பிறகு சிலிண்டரில் தண்ணீர் துப்பியது. அத்தான் ஒற்றை விரலால் மெல்லத் தொட்டார். எஞ்சின் அசைந்தது, தயங்கியது, பிறகு தானாகவே ஓடத் தொடங்கியது. தண்ணீரும் நெருப்பும் இழுத்த ஓட்டம். "ஓடுது," என்றார் அத்தான், வேறு யாரோ செய்ததைப் பார்ப்பவர் மாதிரி. கிட்ட வந்தபோது விசிலைத் திருகினார். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அவ்வளவு சின்னச் சாமானுக்குள் அவ்வளவு பெரிய சத்தம் இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

மூன்று பேரும் சட்டென்று வாசல் படலையைத் திரும்பிப் பார்த்தோம்.

ஒருவரும் வரவில்லை. எஞ்சின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. படலையிலிருந்து கண்ணை முதலில் எடுத்தவள் அக்கா. "அங்கை என்ன பார்வை? இன்னொருக்கா ஊதுங்கோ" என்றாள்.

அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மீண்டும் குண்டுகள் வெடிக்கத் தொடங்கியதும் அத்தான் யாரும் கேட்காமலே பொயிலரைக் கழற்றிச் சாமி அறைக்குக் கொண்டுபோனார். யுத்தம் முடிந்த பிறகு திரும்பவும் பூட்டினார். இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு. அதில்தான் நானும் அக்காவும் இருக்கிறோம். முற்றமும் இல்லை, படலையும் இல்லை. எஞ்சினைக் கொளுத்தத் தெரிந்தவரும் இல்லை. கடற்கரைப் பாதையில் கோச்சி ஊதிக்கொண்டு போகும்போது நான் இன்றும் பழக்கதோஷத்தில் வாசற்கதவைப் பார்க்கிறேன். அக்கா கண்ணாடி அலுமாரியைப் பார்க்கிறாள்.