சத்தம் இல்லாத கொத்து

சண்டை நடந்த தொண்ணூற்றாறாம் ஆண்டில் மட்டக்களப்பு பஸ் நிலையத்தடியில் இருந்த கனகசிங்கம் முதலாளியின் கொத்துரொட்டிக் கடைக்குக் கதவு எப்போதும் பாதிதான் திறந்திருக்கும். எந்த நேரத்தில் இழுத்துப் பூட்டிவிட்டு ஓடவேண்டி வரும் என்று யாருக்குத் தெரியும்? கடை திறந்திருக்கிறதா என்று சனம் எட்டிப் பார்ப்பதில்லை. இரும்புத் தட்டில் ரொட்டியைக் கொத்தும் தகடுகள் விழும் தாளம் கேட்டால் உள்ளே வரும்.

அந்தத் தாளம் பெரியகல்லாற்றிலிருந்து பஸ்ஸில் வரும் வினாயகமூர்த்தியுடையது. பதினோரு வருடமாக அடுப்பு வெக்கையில் நிற்கிறவர். முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்பு. கடையின் ஒரே மின்விசிறி முதலாளியின் தலைக்கு மேல்தான் சுற்றும். நாளுக்கு நூறு கொத்துக்கு மேல் போடுகிற மனிதருக்கு நாட்சம்பளம் மூன்று கொத்தின் விலை.

இதையெல்லாம் பொறுத்தார். பொறுக்க முடியாதது வேறு. கல்லடிப் பாலத்தடிச் சென்றியில் இராணுவம் பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கி, பைகளைக் கிளறி விடுவதற்குள் பத்து மணி தாண்டிவிடும். அவரும் ரொட்டிக்கு மா குழைக்கும் இரத்தினம்மாவும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தால், பிந்திவிட்டார்கள் என்று முதலாளி அன்றைய சம்பளத்தில் பாதியை வெட்டுவார். அந்தச் சென்றியை இவர்களே கட்டி வைத்தது மாதிரி.

ஒரு வாரத்தில் நாலு நாள் வெட்டு விழுந்தது. அரிசி வாங்கவே காணாது என்று இரத்தினம்மா அழுதாள். திங்கட்கிழமையும் வெட்டு என்றதும் வினாயகமூர்த்தி தகடுகளை ஓரமாக வைத்தார். ரொட்டியைக் கையால் பிய்த்துப் போட்டு, அகப்பையால் கிளறிக் கொடுத்தார். ருசியில் ஒரு குறையும் இல்லை.

ஏன் அடிக்கவில்லை என்று முதலாளி அதட்டினார்.

"பாதிச் சம்பளத்துக்கு இவ்வளவுதான் முதலாளி. முழுசாத் தந்தா சத்தமும் வரும்."

கடை பூட்டியிருக்கிறது என்று நினைத்துச் சனம் தன்பாட்டில் வீட்டுக்குப் போனது. மறுநாள் முதலாளியே தகடுகளைத் தூக்கினார். தாளமும் இல்லை, ஒன்றும் இல்லை. ரொட்டிதான் நிலமெல்லாம் பறந்தது. கூரைத் தகரம் மாற்றுகிறீர்களா என்று தெருவில் ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். வேறு ஆள் பிடிப்பேன் என்று மிரட்டியும் பார்த்தார். அந்த ஆளும் அதே பாலத்தைத்தானே தாண்டி வரவேண்டும்?

மூன்றாம் நாள், குழைத்த மா அப்படியே புளிக்கத் தொடங்கிய மத்தியானத்தில், முதலாளி இறங்கி வந்தார். சென்றியில் பிந்தினால் இனி வெட்டு இல்லை, வெட்டினதையும் தருகிறேன் என்றார்.

"இரத்தினம்மாக்காவுக்கும்தானே?"

"ஓம், அவவுக்கும்தான். அடி, வினாயகம்."

முதலில் காசு இரண்டு பேர் கைக்கும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் தகடுகளை எடுத்தார். நெஞ்செல்லாம் சந்தோசத்தோடு அடித்த அடி பஸ் நிலையத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. பாதிக் கதவுக்குள்ளால் சனம் நெருக்கிக்கொண்டு வரத் தொடங்கியதும், இரத்தினம்மா போய் மற்றப் பாதியையும் திறந்துவிட்டாள்.