போனைக் கூடையில் போட்டுப் படித்த மார்க்கெட்டிங்

இன்டர்நெட் மார்க்கெட்டிங் படிக்கப் போன இடத்தில், வாசலிலேயே எங்கள் போன்களைப் பறித்துக் கூடையில் போட்டார்கள். நம்புவீர்களா?

சென்ற மாதம் நடந்த கதை. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பொறுத்திருந்தேன். ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

ரிப்பன் கட்டிய கூடை. பூசையில் காணிக்கை எடுப்பது போல ஒரு பிள்ளை அதை ஒவ்வொருவர் முன்னும் நீட்டிக்கொண்டு வந்தாள். "கவனம் சிதறக் கூடாது மேடம். கோச்சின்ர ரூல்."

போன் இல்லாமல் இன்டர்நெட்டா? வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற என் தங்கை ஜெசிந்தா கையில் நுள்ளினாள்.

"அக்கா, நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லித்தானே கூட்டிக்கொண்டு வந்தனான்."

ஓம், சொல்லித்தான் கூட்டி வந்தாள். ஒரு ரிக்கெற் வாங்கினால் இன்னொன்று இலவசம். அந்த இலவசம் நான்.

ஜெசிந்தாவின் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில். நீலக் கேற், தூணில் ஒரு சின்ன மாதா சுரூபம். பின்வளவில் மூன்று அறைகள். சீசனில் வருகிறவர்களுக்கு விடலாம் என்று அவளும் கணவன் செல்வனும் சேர்ந்து கட்டினார்கள். செல்வன் படகு எஞ்சின் திருத்துகிறவர். ஒரு தரம் கட்டாருக்குப் போய் ஆறு வருடம் நின்றவர். தன் தகப்பனின் செத்தவீட்டுக்குக்கூட வர ஏலாமல், பெட்டி மூடுவதை வட்ஸ்அப்பில் பார்த்தவர். அந்த ஆறு வருடமும் என் தங்கை எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

இந்த வருடம் கொழும்பில் ஒரு ஏஜென்சி அவரைத் திரும்பவும் கட்டாருக்குக் கூப்பிட்டது. சென்ற மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. "இந்த சீசனுக்கு ரூம் நிரம்பினால் நான் போகேல்லை. நிரம்பாட்டில் போகத்தான் வேணும், ஜெசி" என்றார் செல்வன். சத்தம் போடாமல், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அதனால்தான் அவள் அவ்வளவு பயந்தாள்.

பயந்தவளுக்கு ஃபேஸ்புக்கில் இந்த மார்க்கெட்டிங் கோச் காட்சி கொடுத்தார்.

முதலில் இலவச வகுப்பு. இரண்டு மணித்தியாலம். அதில் ஒன்றே முக்கால் மணித்தியாலம், தான் எவ்வளவு கஷ்டப்பட்டவர் என்று கோச் சொன்னார். மிச்சக் கால் மணித்தியாலம், அடுத்த வகுப்பில் சேராவிட்டால் நாங்கள் எவ்வளவு கஷ்டப்படுவோம் என்று சொன்னார். திரையில் ஒரு மணிக்கூடு பின்னோக்கி ஓடியது. பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறதாம்! முடிந்தது. அடுத்த நாள் திரும்பவும் பத்து நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

சேர்ந்தாள். வெள்ளி வகுப்பு, பிறகு தங்க வகுப்பு... வீட்டுப்பாடம் வேறு. உங்கள் கனவு வாடிக்கையாளர் யார்? பெயர் என்ன? காலையில் என்ன சாப்பிடுவார்? ஜெசிந்தா உட்கார்ந்து எழுதினாள். பெயர் மத்தியாஸ். ஜெர்மன்காரர். முப்பத்திநாலு வயது. யோகா செய்வார். புட்டு விருப்பம்.

செல்வன் கொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "அக்கா, ஆர் இந்த மத்தியாஸ்? என்ர வீட்டிலை ரூம் எடுத்திருக்கிறானாம்... எனக்கே தெரியாது!"

அவள் சிரிக்கவில்லை. கனவு வாடிக்கையாளரைக் கிண்டல் பண்ணக் கூடாதாம்.

அடுத்த பாடத்தில் சந்தியில் நின்ற பலகைக்குக் கேடு வந்தது. 'ரூம் உண்டு' என்று செல்வன் படகுக்கு அடித்த மிச்சப் பெயின்றில் எழுதி நட்ட பலகை. பலகையெல்லாம் செத்துப்போன ஊடகம் என்று கோச் சொன்னாராம். மறுநாளே கழற்றிவிட்டாள். அது கோழிக்கூட்டுக்குக் கதவானது. கோழிகளுக்கு ரூம் கிடைத்தது, அந்த மட்டில் சந்தோஷம்.

கடைசியாகத்தான் இந்த நேரடி நிகழ்ச்சி. மூன்று நாள். எங்கே? எங்கள் ஊரிலேயே, நகரத்தில் ஒரு மண்டபத்தில். எப்போது? போயா என்கிற பௌர்ணமி லீவோடு சேர்ந்து வந்த வெள்ளி, சனி, ஞாயிறு!

திருகோணமலைக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மூன்று நாளும் கண்டி, குருநாகல் வான்கள் எல்லாம் எங்கள் கடற்கரையில்தான் நிற்கும். சமைக்கிற பானையோடு வருவார்கள். அறை கிடைக்காமல் வானுக்குள்ளேயே படுப்பார்கள்.

"எடி, லீவு நாளிலை கேற்றைப் பூட்டிப்போட்டா போகப் போறாய்? செல்வனும் இல்லை" என்றேன். அவர் ஏஜென்சி மெடிக்கலுக்கென்று வியாழனே கொழும்புக்குப் போயிருந்தார். ஞாயிறுதான் வருவார்.

"அக்கா, மூண்டு நாள் வருமானத்தைப் பார்த்தால் முன்னேற ஏலாது. கோச் சொன்னவர்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று பழமொழி. எங்கள் வீட்டில் நெய் உருக்குவது எப்படி என்று படிக்க, வெண்ணெயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம். காலை ஏழு மணிக்குப் பதிவு என்றபடியால் மூன்று நாளும் நகரத்தில் என் வீட்டில் தங்குவதென்று ஏற்பாடு.

மண்டப வாசலில், எங்கள் நகரத் தெருக்களில் மாடுபோலத் திரிகிற மான்கள் வழமைபோல நின்றன. யாரோ கை தவறவிட்ட பயிற்சிக் கையேட்டை ஒரு மான் மென்றுகொண்டிருந்தது. முதல் அத்தியாயம் முடிந்திருந்தது. அதன் முகத்தில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே பாட்டு, புகை, கைதட்டு. கோச் ஓடி வந்து மேடையில் ஏறினார். "எனர்ஜி எங்கே? எழும்புங்கள்! பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடித்து, நீ வெல்லப் பிறந்தவன் என்று சொல்லுங்கள்!" எனக்குப் பக்கத்தில் வவுனியாவிலிருந்து வந்த ஒரு ஐயா. கட்டிப்பிடிக்க அவருக்கும் விருப்பமில்லை, எனக்கும் இல்லை. "நீங்கள் வெல்லப் பிறந்தவர்" என்றேன். "ஓம் பிள்ளை, அது கிடக்கட்டும். இஞ்சை தங்க எங்கையாவது ரூம் இருக்கோ?" என்று கேட்டார். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகு கோச்சைக் காணவில்லை. உதவியாளர் ஒருவர் வந்து புனல் பாடம் எடுத்தார். வேறொன்றுமில்லை, குசினியில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற அதே புனல்தான். அகலப் பக்கத்தால் ஆட்களை ஊற்றினால் ஒடுங்கிய பக்கத்தால் வாடிக்கையாளர் வருவாராம். கூடவே ஒரு பொன்மொழி: தவறிய அழைப்புக்கு ஒருபோதும் திருப்பி எடுக்காதீர்கள். அவசரப்படுகிறவனை ஒருவரும் மதிப்பதில்லை.

பின்னேரம் போன் கைக்கு வந்தது. ஜெசிந்தாவின் போனில் பதினாலு தவறிய அழைப்புகள்! எல்லாம் தெரியாத நம்பர்.

"எடுத்துக் கேள், ஆரெண்டு."

"ஏலாது அக்கா. இப்பதானே படிச்சனாங்கள்."

மாதாவே, அந்த நேரம் அவளுக்கு ஒரு அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. இலவச ரிக்கெற்றில் வந்தவளுக்கு அந்த உரிமை இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம்.

சனிக்கிழமை காலை. கோச் கழுத்தைச் சரித்துக்கொண்டு மேடைக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"நண்பர்களே, உங்கள் ஊரின் பிரச்சினையை நேற்று நான் நேரில் பார்த்தேன்! ஹோட்டலில் புக்கிங் குழம்பிவிட்டது. அறை தேடி அலைந்தோம். ஒரு ஓட்டோக்கார அண்ணன் உப்புவெளியில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். அருமையான இடம். நீலக் கேற். தூணில் சின்ன மாதா சுரூபம். ஆனால் பூட்டு! ஹோர்ன் அடித்தோம். தூணில் இருந்த நம்பருக்கு ஏழு தரம் எடுத்தோம். பதில் இல்லை. கடைசியில் நானும் என் டீமும் இந்த மேடைக் கம்பளத்தில் படுத்தோம். ஏன்? இங்கே ஒருவருக்கும் மார்க்கெட்டிங் தெரியாது!"

மண்டபம் அதிரக் கைதட்டியது. ஜெசிந்தாவும் தட்டினாள். இரண்டு தட்டு. மூன்றாவதுக்குக் கை பாதியில் நின்றது.

அவள் என்னைப் பார்த்த பார்வை! சிரிக்கலாம் என்று வாயெடுத்தேன், முடியவில்லை. தங்கையின் கண் நிரம்பிவிட்டது. "அக்கா... அவர் கொழும்பிலை மெடிக்கலுக்கு நிக்கிறார். நான் இஞ்சை கைதட்டுறன்" என்றாள்.

எழும்பினாள். நேரே கூடையிடம் போனாள். "என்ர போனைத் தாங்கோ."

"மேடம், ஃபோகஸ்..."

"ஏலாது. தாங்கோ."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் தங்கையை நினைத்து நான் பெருமைப்பட்ட நாட்கள் குறைவு. அன்று பெருமைப்பட்டேன்.

வெளியே ஓட்டோத் தரிப்பில் நசீர் நானா. குறிஞ்சாக்கேணிக்காரர், எங்களை நெடுநாளாகத் தெரிந்தவர். ஜெசிந்தாவைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, எங்க போனீங்க? நேத்து நாலு தரம் ஆக்கள ஏத்திக்கிட்டு உங்கட கேற்றுக்கு வந்தனான். பலகையையும் காணல்ல. விட்டுட்டீங்களாக்கும் எண்டு நினைச்சன்."

"விடேல்லை நானா. படிக்கப் போனனான்."

"என்னத்தை?"

"ஆக்களைக் கூப்பிடுறது எப்பிடி எண்டு."

நசீர் நானா நல்ல மனுஷன். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினார்.

மத்தியானத்துக்குள் மூன்று அறையும் நிரம்பிவிட்டன. மத்தியாஸ் வரவில்லை. குருநாகலிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள், ஒரு பெரிய சோற்றுப் பானையோடு. யோகா செய்கிற முகம் ஒன்றுகூட இல்லை. ஜெசிந்தா தனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் கதைத்துக்கொண்டு புட்டு அவித்தாள். அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு இன்னும் கேட்டார்கள்.

ஞாயிறு செல்வன் வந்து இறங்கியபோது அவருடைய கொடியில் ஊரில் இல்லாத உடுப்பெல்லாம் காய்ந்துகொண்டிருந்தது. அவள் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். திட்டுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். மனுஷன் நேரே போய்க் கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றி, கழுவி, சந்தியில் கொண்டுபோய் நட்டார். பிறகு ஓட்டோத் தரிப்பில் இருந்த எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் மார்க்கெட்டிங் அவ்வளவுதான். அதற்குப் பிறகு அறைகள் காலியாகக் கிடந்த நாட்கள் குறைவு.

மாதக் கடைசி நாள் நானும் அங்கே இருந்தேன். செல்வன் வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனார். கதிரையில் கிடந்த அவருடைய போன் அடித்தது. ஏஜென்சி. ஜெசிந்தா குசினி வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றாள். அடித்து, அடித்து... நின்றது.

"திருப்பி எடுக்கேல்லையோ?" என்று கேட்டாள்.

"தவறின அழைப்புக்குத் திருப்பி எடுக்கக் கூடாதாம். நீதானே படிச்சுக்கொண்டு வந்தனீ" என்று சொல்லிவிட்டு, செல்வன் தண்ணீரோடு போய்விட்டார்.

அவள் நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். கோச் வாழ்க! அத்தனை பாடத்தில் உருப்படியாகப் பலித்தது அந்த ஒன்றுதான்.

இந்தக் கிழமை கோச்சின் அலுவலகத்திலிருந்து ஜெசிந்தாவுக்கு ஒரு அழைப்பு. உங்கள் அறைகளெல்லாம் ஃபுல்லாமே, எங்கள் கோர்ஸால் வாழ்க்கை மாறியது என்று ஒரு சின்ன வீடியோ தருவீர்களா? கோச்சே வந்து எடுப்பார், ஓரிரண்டு நாள் உங்களிடமே தங்குவார்...

"ஓம், தாராளமாய் வரட்டும்" என்றாள் என் தங்கை. "ஆனால் கேற்றடியிலை கூடை வைச்சிருக்கிறன். போனை அதுக்குள்ளை போட்டிட்டுத்தான் உள்ளுக்கு வரவேணும்."