ஏழாம் அத்தியாயத்து மனைவி

பணி ஓய்வுக்குப் பின் நாவல் எழுதப்போவதாக உத்திரமேரூர் வாசகர் வட்டத்தில் நானே அறிவித்தேன். அறிவித்தபின் பின்வாங்குவது பட்டதாரிக்கு அழகன்று. ஆகவே நாவல் எழுதும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டேன். வட்டத்தில் அதைச் சொல்லவில்லை. கதையை வகுப்பவன் நான். அது வெறும் எழுத்தர் என்பதே என் கருத்து.

எங்களூருக்குப் பக்கத்திலுள்ள பெருநகர் என்ற ஊரில் ஒரு குடும்பம். அதன் வயல் வீட்டு மனைகளாக விற்கப்படுகிறது. இதுதான் கதை. மென்பொருள் எழுதித் தந்த முதல் அத்தியாயத்தில் நாயகனின் மனைவி, "நிலம் நம் உயிரல்லவா?" என்று கண்ணீர் உகுத்தாள். வட்டத்தில் படித்தேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கேட்டார்: "சார், இந்தம்மா வூட்ல பேசுதா, மேடைல பேசுதா?"

மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் கவனிக்காமல் இல்லை.

கட்டளைகளை மாற்றிப் பார்த்தேன். இயல்பாக எழுது என்றால் கண்ணீர் பெருகியது. வட்டார வழக்கில் எழுது என்றால் பெருநகர்ப் பெண் மதுரைக்காரியாகிவிட்டாள். பல வாரங்கள் கழித்தே விளங்கியது: அதற்குக் கட்டளை போதாது, மாதிரி வேண்டும். மனிதர் பேசியதைப் பேசியபடியே கொடுத்தால் அதைப் பற்றிக்கொண்டு மேலே எழுதும்.

மாதிரி என் வீட்டிலேயே இருந்தது. என் மனைவி பெருநகரில் பிறந்தவள். தகப்பன் வழியில் அவளுக்கு வந்த நிலத்தை விற்கச் செய்தவன் நான். அது குடும்ப நன்மைக்கே. எனக்கு இன்றும் ஐயமில்லை. அவளுக்கு உண்டு. பாத்திரம் துலக்கியபடி தனக்குத்தானே பேசுவாள்.

"எங்கப்பன் நெலத்துல கல்லு நட்டு கலரு கலரா கொடி கட்டிக்கினு கீறாங்க. இவரு இன்னாடான்னா சட்னில உப்பு கம்மின்றாரு."

இப்படிப் பலவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். ஏழாம் அத்தியாயம் உயிரோடு வந்தது. வட்டத்தில் படித்தேன். "இப்பதான் சார் பொம்பள வந்துகீது" என்றார் தபால்காரர். அத்தோடு நிற்காமல், கடைத்தெருவில் என் மனைவியைப் பார்த்து, கதையில் வரும் அம்மா அவளைப் போலவே பேசுவதாகப் புகழ்ந்தும் வைத்தார்.

அன்று மாலை அவள் என் மேசையருகே வந்து நின்றாள்.

"நான் பேசறத எல்லாம் அந்தப் பொட்டில போட்டுக்கினு கீறீங்களாமே?"

"இலக்கியத்துக்காக."

"நெலத்த விக்கச் சொல்லோ வாணாம்னு இதே வாயாலதான் சொன்னன். அப்ப காதுல ஏறல. இப்ப மிசினு கேட்டா மட்டும் ஏறுதா?"

"மெதுவாகப் பேசு. தெருவுக்குக் கேட்கும்."

"தெருவுக்கு நீங்கதான படிச்சிக் காட்னீங்க?"

அவள் உள்ளே போனதும் அதையும் தட்டச்சு செய்தேன். நாவலுக்கு அது தேவைப்பட்டது.

அதுவே கடைசி. அன்றிலிருந்து சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டுமே. எதைக் கேட்டாலும் "கீது", "இல்ல" என்பதற்குமேல் ஒரு சொல் இல்லை. எட்டாம் அத்தியாயத்துக்குப் புதிய மாதிரி இல்லாத மென்பொருள், பழையவற்றையே அரைத்துவிட்டு அந்தப் பெண்ணை மறுபடியும் கண்ணீர் உகுக்க வைத்துவிட்டது.

வட்டத்தில் கேட்கும்போதெல்லாம் திருத்திக்கொண்டிருப்பதாகச் சொல்லிவருகிறேன். சட்னியில் இப்போது உப்பு சரியாகவே இருக்கிறது.