மந்திரி சொல்லிவிட்டார்

அன்று அடையாறு பாலத்துக்குப் பக்கத்துச் சந்திலிருந்த கேபிள் டி.வி. ஆபீசில் இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, நான், ஆபீசுக்குச் சொந்தக்காரரான காதர் பாய். இல்லாதவன் என் அண்ணன் ஏழுமலை. டி.வி.யில் தெரிந்த பாராளுமன்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. பாதி இருக்கை காலியாகத்தான் கிடந்தது.

போன வாரம் மயிலாப்பூரில், என் சீனியர் வக்கீலின் ஆபீசில், பழைய பிரிண்டர் சூடாகித் தூசு கருகும் வாசனை வந்தது. கையில் இருந்த போனில் சட்ட அமைச்சர் ஒருவர் குற்றவியல் சட்டம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாசனையும் ஒரு மந்திரியும் சேர்ந்து வந்தால் என் மனசு வேறு எங்கே போகும்? பாய் ஆபீசுக்குத்தான். அங்கே சுவர் நிறையப் பெட்டிகள் இரவும் பகலும் சூடாகிக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்தாலே இதே வாசனைதான்.

அண்ணன் ஏழாவதோடு நின்றவன். மார்க்கெட்டில் மீன் பெட்டி இறக்கி என்னைச் சட்டக் கல்லூரி வரைக்கும் கொண்டுபோனவன். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி அவன் வலது தோள் எப்போதும் ஜில்லென்றிருக்கும். சின்ன வயதில் வெயில் நாட்களில் அந்தத் தோளில்தான் கன்னத்தை வைத்துக்கொள்வேன். இதை எதற்குச் சொல்கிறேன்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆற்றங்கரை வீடுகளை இடித்த அன்று, ஜே.சி.பி. எங்கள் வரிசைக்கு வருவதற்குள் வாசல் கதவைக் கழற்றிவிட வேண்டும் என்று அண்ணன் ஓடினான். அவன் முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்ட கதவு. நகரச் சொன்னார்கள், நகரவில்லை. "ரெண்டு ஸ்க்ரூதான் சார் கீது" என்று கெஞ்சினானாம். தள்ளுமுள்ளு ஆயிற்று. அரசு ஊழியரைத் தடுத்தான், மிரட்டினான் என்று வழக்கு. எட்டாம் நாளே ஜாமீன் கிடைத்தது. ஆனாலும் அவன் வெளியே வரவில்லை.

சொந்த வீடும் வீட்டு வரி ரசீதும் உள்ள இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வரிசையிலேயே இருந்தவர்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் வீடு போயிற்று. ரசீது என்று ஒன்றை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

நான் அப்போது முதலாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள். அந்தத் திமிரில் ஓர் எம்.பி.க்கு மின்னஞ்சல் போட்டேன்: ஜாமீன் கிடைத்தும் ஆள் கிடைக்காமல் உள்ளே இருப்பவர்களைப் பற்றிக் கேளுங்கள் ஐயா என்று. பதில் வரவில்லை. ஆனால் சில வாரம் கழித்து, மறுநாள் அவையில் கேட்கப்படும் கேள்விகளின் பட்டியலில் அதே மாதிரி ஒன்று இருந்தது. கேட்கப்போவது வேறொரு எம்.பி., வேறொரு மாநிலம். அதனால் என்ன? "என் கேள்விம்மா" என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஊருக்கு வெளியே எங்களுக்குக் கொடுத்த புது வீட்டில் கேபிள் இல்லை. தெரிந்த இடம் பாய் ஆபீஸ்தான். அங்கே போக அம்மாவுக்குக் கூச்சம். அண்ணன் பாயின் ஒயரிலிருந்து திருட்டுத்தனமாக இழுத்து இரண்டு வருஷம் ஓசியில் படம் பார்த்தவன். பாய் மூன்று முறை அறுத்தார், இவன் மூன்று முறையும் சேர்த்தான்.

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சேனலை மாற்றினார். நான் இங்கிலீஷை மொழிபெயர்க்கத் தயாராக நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். மந்திரி எழுந்தார். இந்தியில் ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"இன்னா வக்கீலு, உன் மந்திரி எங்க வூட்டு பாஷைக்கு கிட்ட பேசுறாரு" என்று பாய் சிரித்தார். வீட்டில் உருது பேசுகிறவர். அவரே சொல்லிக்கொண்டு வந்தார்.

"பதில எழுதி மேஜைமேல வெச்சிட்டாராம்."

"எந்த மேஜை பாய்?" என்றாள் அம்மா.

"அங்க டெல்லியில கீது யக்கா. இரு, இன்னொருத்தர் எழுந்து கேக்குறாரு. ஏழைங்க இன்னா பண்ணுவாங்கன்றாரு... ஆங். காசில்லன்னு எந்த ஏழையும் உள்ள இருக்கக் கூடாது, அதான் எங்க எண்ணம்ன்றாரு. எல்லா மாநிலத்துக்கும் சொல்லிக்கீறாங்களாம்."

அம்மா எழுந்து நின்று டி.வி.யைக் கும்பிட்டாள். அப்புறம் என் கன்னத்தைத் தடவினாள். "என் புள்ள கேட்டுச்சு, மந்திரி சொல்லிட்டாரு."

அது உத்தரவு இல்லை, வெறும் பதில் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். கன்னத்தில் அந்தக் கை இருந்தபோது வாய் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மா அண்ணனின் இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் பாக்ஸில் நெத்திலி வறுவலுமாகக் கிளம்பிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். மூன்று பஸ் மாறிப் புழல் ஜெயிலுக்குப் போய்ச் சேரும்வரை என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. வாசலில் இருந்த காவலர்தான் சொன்னார், பொறுமையாகவே: "கோர்ட்லேந்து பேப்பர் வரணும்மா. டி.வி.ல வந்தா பத்தாது."

திரும்பும்போது அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையாட்டினேன்.

"போடா" என்றாள். அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "மந்திரியே சொன்னாலும் ரசீது வோணுமாடா?"

அடையாறு ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பாய் ஆபீசுக்குப் போனாள். டிபன் பாக்ஸை மேஜைமேல் வைத்தாள். "ஆறிப்போச்சு. நீ துன்னு பாய்." நடந்ததையும் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை.

பாய் ஒரு நெத்திலியை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. கையைத் துடைத்துக்கொண்டு இழுப்பறையைத் திறந்து மஞ்சள் கவர் ஒன்றை எடுத்தார். உள்ளே வீட்டு வரி ரசீது.

"ரெண்டு வருஷம் என் ஒயர்ல ஓசிப் படம் பாத்தான் உன் புள்ள. அவன் உள்ளயே குந்திக்கினு இருந்தா நான் யாரப் போய்த் திட்டுறது? வக்கீலு, எந்த கோர்ட்டுன்னு சொல்லு. என் மச்சானயும் இழுத்தாறேன்."

கோர்ட்டில் அந்த ரசீதின் பின்னால் சீல் குத்தினார்கள். வழக்கு முடியும்வரை அதை வைத்து அவர் வேறு யாருக்கும் ஜாமீன் நிற்க முடியாது. சொந்தத் தம்பிக்கே ஆனாலும். தெரிந்துதான் கொடுத்தார். அன்று சாயங்காலம் அண்ணன் வெளியே வந்தான். தோளைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இல்லை.

இப்போது பாய் ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். எல்லோரும் போனிலேயே படம் பார்க்கிறார்கள், ஒயரை யாரும் திருடுவதில்லை. பாய் மகளோடு பெங்களூர் போய்விட்டார். எங்கள் வரிசை இருந்த கரையில் கம்பி வேலி போட்டு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அந்தக் கதவு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

வழக்கு நாலு வருஷம் நடந்தது. பெரிய பிரிவுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து, கடைசியில் சின்னதாக ஒன்றுதான் மிஞ்சியது. அண்ணன் நாற்பத்தொன்பது நாள் உள்ளே இருந்த அந்தக் குற்றத்துக்கு நீதிபதி போட்ட அபராதம் ஐந்நூறு ரூபாய்.