இல்லன்னு சொன்னா என்ன சொல்லணும்

ரித்திகாவின் முன்பல் உடைந்த அன்று செல்வலட்சுமி மலைமேல் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். போன் வந்ததும் சாக்கை அப்படியே போட்டுவிட்டு தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு ஓடி வந்தாள். பக்கத்து வீட்டு வனிதா தன் மகள் ரித்திகாவின் வாயில் துண்டை அழுத்திப் பிடித்தபடி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாள். செல்வலட்சுமியின் மகள் இந்து குழாயடியில் நின்று ஸ்கிப்பிங் கயிற்றைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஒன்பது வயது.

"என் முறை வரவே இல்லம்மா. அதான் இழுத்தேன்" என்றாள்.

ரித்திகா குதித்துக்கொண்டிருக்கும்போதே இழுத்திருக்கிறாள். அவள் படிக்கட்டில் குப்புற விழுந்துவிட்டாள்.

அதற்கு முன்னும் இந்துமேல் புகார் இல்லாமல் இல்லை. வரிசையில் நிற்கமாட்டாள், பேசுகிறவர்களைப் பேச விடமாட்டாள், தோற்றால் ஆட்டத்தைக் கலைப்பாள். அவள் அப்பா பாண்டி அவளை அடித்துப் பார்த்தான். அவன் கொழுக்குமலைக்கு டூரிஸ்டுகளை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். அடித்த மறுநாளும் அவள் அப்படியே இருந்தாள். பல் உடைந்தபிறகு ஸ்கூல் டீச்சரே எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் அரைநாள் கேள்வி கேட்டுவிட்டு, கவனம் நிலைக்காத, பொறுத்திருக்க முடியாத குறைபாடு, ஏ.டி.எச்.டி. என்றார். "சேட்டையில்ல, வளர்ப்பும் தப்பில்ல" என்றார். மாத்திரை எழுதினார். மற்ற பிள்ளைகளோடு பழகுவதற்குத் தனியாகப் பயிற்சி இருக்கிறது, அடிமாலியில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது, கூட்டிப்போங்கள் என்றார்.

வளர்ப்பு தப்பில்லை என்ற சொல்லைக் கேட்டு செல்வலட்சுமி அங்கேயே அழுதாள். ஆனால் லயத்தில் அதை யாரிடம் போய்ச் சொல்வது? எல்லா வீட்டிலும் பிள்ளைகளிடம் ஒரே உத்தரவு: அவகூட சேராத.

சனிக்கிழமை பாண்டிக்கு ஓட்டம் அதிகம். அவள்தான் லீவு போட்டு இந்துவோடு பஸ் ஏறினாள். சின்னக்கானலில் ரோட்டில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். அந்த ஒரு மணி நேரம் இந்துவை சீட்டில் உட்காரவைப்பதற்குள் அவளுக்கு உயிர் போய்விடும்.

பயிற்சி கொடுத்தவர் ஜின்சன், மலையாளி. சின்ன வயசு, பொறுமைசாலி. ஆறு பிள்ளைகள். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். விளையாடுகிறவர்கள் பக்கத்தில் போனால் ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும், மனசுக்குள் பத்து எண்ண வேண்டும், பிறகு கேட்க வேண்டும்: "நானும் சேந்துக்கலாமா?" இந்துவுக்கு அந்தப் பத்தை எண்ணி முடிக்க எட்டு வாரம் பிடித்தது. வீட்டிலும் செல்வலட்சுமி சோறு வடித்துக்கொண்டே அதைச் சொல்லவைத்தாள்.

ஒன்பதாவது வாரம் ஒரு சாயங்காலம். கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா முன்னால் பிள்ளைகள் கல் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்து தானாகவே போனாள். ஒரு கை தூரத்தில் நின்றாள். குழாயடியிலிருந்து செல்வலட்சுமி பார்த்தாள். மகளின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. குடம் நிரம்பி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"நானும் சேந்துக்கலாமா?"

"வேண்டாம். எங்கம்மா ஒன்கூட சேரக்கூடாதுன்னுருக்கா."

இந்து மறுபடி பத்து எண்ணினாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது முறையும் அதே குரலில், அதே சொல்லில் கேட்டாள். பிள்ளைகள் கல்லை அள்ளிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்கள்.

திரும்பி வந்து அம்மாவிடம் நின்றாள். அழவில்லை. "நான் சரியாத்தானம்மா கேட்டேன்? இல்லன்னு சொன்னா அடுத்து என்ன சொல்லணும்? சார் அத சொல்லித் தரலையே."

செல்வலட்சுமி உள்ளே போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு ஜின்சனுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"இங்க ஆறு பேரும் ஆமான்னுதான் சொல்வாங்க சேச்சி. அத நான் யோசிக்கல, என் தப்பு. இல்லன்னு கேக்கவும் பழக்கணும். ஆனா அது மட்டும் போதாது. இவகூட விளையாட உங்க பக்கத்துல ஒரு குழந்தை வேணும். ஒண்ணே ஒண்ணு. வாரத்துல இருபது நிமிஷம்."

மறுநாள் ஞாயிறு அவள் லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "எக்கா, இருபது நிமிசம். நான் பக்கத்துலயே நிப்பேன்." ஒருத்திக்குப் பிள்ளை டியூஷன் போகிறதாம். ஒருத்தி காபி கொடுத்தாள், பிள்ளையைக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் டிவி சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீடுதான் மிச்சம்.

வனிதா வாசலை மறித்து நின்றாள். "எம்பிள்ள இப்ப சிரிக்கும்போது வாயப் பொத்திக்கிடுதா. போட்டோ எடுக்க மாட்டேங்கா. ஒனக்குத் தெரியுமா அது?"

தெரியாது. இத்தனை நாளும் செல்வலட்சுமி தன் பிள்ளையைப் பற்றி மட்டுமே அழுதிருக்கிறாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை இந்து பஸ் ஏறமாட்டேன் என்று கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "அங்க எல்லாரும் ஆமான்னு சொல்லுதாக. அது பொய்யி." செல்வலட்சுமி நடுரோட்டில் அவளை அறைந்துவிட்டாள். ஒருநாளும் மகளை அடிக்காத கை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் ஏறினாள். அடிமாலிவரை அவ்வளவு நேரம் அவள் அசையாமல் உட்கார்ந்து செல்வலட்சுமி பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று ஜின்சன் பிள்ளைகளிடம், இன்றைக்கு எல்லாரும் "இல்லை" சொல்ல வேண்டும் என்றார். ஜிதின் என்ற பையனின் முறை வந்தது. இந்து கேட்டாள். அவன் "இல்ல" என்று சொல்லிவிட்டு, சொன்னது தாங்காமல் அவனே அழ ஆரம்பித்தான். இந்து அவனைப் பார்த்துத் திகைத்து நின்றாள். "சரி, பெறவு வாரேன்" என்று சொல்லி நகர்வதற்கு அவளைப் பழக்க ஐந்து வாரம் ஆனது.

மழைக்காலம் பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை வனிதா ரித்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. "இருபது நிமிசம். நான் இங்ஙனயே நிப்பேன்."

தரையில் பாம்பு ஏணி விரித்தார்கள். இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு சுவரோரம் நின்றார்கள். இந்து பகடை உருட்டினாள், காத்திருந்தாள், உருட்டினாள். தொண்ணூற்றெட்டில் பாம்பு கொத்தியது. அவள் அட்டையை இழுத்துக் கிழித்துவிட்டாள். ரித்திகா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

"பதினோரு நிமிஷம் விளையாடினாளா? சேச்சி, அது நல்ல காரியமாக்கும்!" என்றார் போனில் ஜின்சன்.

"சந்தோசப்பட எனக்குத் தெம்பில்ல சாரே" என்று செல்வலட்சுமி போனை வைத்தாள்.

அடுத்த ஞாயிறு வனிதா வீடு பூட்டிக் கிடந்தது. போடியில் கல்யாணம் என்றார்கள். உண்மையாகவும் இருக்கலாம். செல்வலட்சுமி சோற்றுப் பருக்கையால் அட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாள். இந்து அவள் முதுகுப் பக்கம் அங்குமிங்கும் நடந்துகொண்டே, எப்ப வருவா, எப்ப வருவா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.