எட்டு மணி நேர ஓய்வு

தீபாவளிக்கு துபாய்க் கடற்கரையில் விடும் வாணவெடிகளை லாரியில் ஏற்றிப் போனேன். டிரைவருக்கு இத்தனை மணி நேரம்தான் டூட்டி என்று வரம்பு உண்டு. பண்டிகை வெடி லோடுக்கு மட்டும் கம்பெனியில் விலக்கு. இறக்கும்வரை காத்திருப்பது டூட்டியில் சேராது, ஓய்வு.

நல்ல ஓய்வு! லாரியை விட்டு நகரக் கூடாது, கண் அசரக் கூடாது. வெடி பற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் போனையும் கடற்கரை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேச ஆளில்லாமல், லாரி நிழல் நகர நகர நானும் நகர்ந்து உட்கார்ந்தேன்.

மாலையில் சூப்பர்வைசர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, போனை வாங்கினேன். உடனே ஊரிலிருந்து மனைவி அழைத்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா ஒரு போன் பண்ண நேரமில்லையா? புள்ள புதுத்துணியக் காட்டணும்னு காலைலேருந்து காத்திருந்தா."

"டூட்டி," என்றேன்.

கையிலிருந்த நகலில் 'ஓய்வு: எட்டு மணி நேரம்' என்றிருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து.