போகிற வேகம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்கு மீட்டர் என்று பெயர். காலையில் வீட்டில் அளந்து பார்த்த இண்டர்நெட் வேகத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது.

"இன்னிக்கு எப்படிண்ணே, ஏறுமுகமா இறங்குமுகமா?" என்று மடிப்பு மேசைக்காரி கேட்பாள்.

"நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்ல."

"ஆமா, ராக்கெட் விடப்போறாரு. அந்த முனையப் பிடிங்க."

ஈரமான போர்வைகளை உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்துக் காயவைக்கும் பெரிய இயந்திரம் அவர் பொறுப்பில் இருந்தது. அது ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அங்கே பேச்செல்லாம் கையாலும் புருவத்தாலும்தான். புதிதாக வருகிறவர்கள் திண்டாடுவார்கள். அவருக்கு அந்தப் பாடே இல்லை. பிறவியிலேயே காது கேட்காத தங்கையுடன் வளர்ந்தவர்.

சின்ன வயதில் அண்ணனும் தங்கையும் தங்களுக்கென்று ஒரு கைப்பேச்சு வைத்திருந்தார்கள். கொண்டை முடிவதுபோல் கையைச் சுழற்றினால் அம்மா. சட்டை நுனியில் கண்ணாடி துடைத்தால் அப்பா. காதைத் திருகினால் பக்கத்து வீட்டு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கற்றுத்தரும் சைகைமொழி தங்கைக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. அவள் கணவரும் காது கேட்காதவர், தையற்காரர். அவரோடு அந்த மொழி, அண்ணனோடு மட்டும் பழைய மொழி. அதைத் தெரிந்த அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தங்கை கடல் தாண்டிய ஊரில் இருந்தாள். மீட்டருக்குக் கல்யாணப் பேச்சு தட்டிப்போய்த் தட்டிப்போய், ஒரு கட்டத்தில் பேசுகிறவர்களே அலுத்துவிட்டார்கள். மாடியில் ஓர் அறையும் சமையல் மூலையும் வாடகைக்கு எடுத்திருந்தார். அங்கே அவர் வாய் திறப்பது கொட்டாவிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையோடு வீடியோவில் பேசுவது ஒன்றுதான் வாரத்தின் பேச்சு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவளிடமே போய்விட வேண்டும் என்பது வெகுநாள் எண்ணம்.

முகம் தெரியாவிட்டாலும் குரலை வைத்துச் சமாளிக்கலாம் என்பதெல்லாம் காது கேட்கிறவர்களுக்கு. இவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது. அதனால்தான் வேகப் பைத்தியம் பிடித்தது.

முதலில் பழைய டெலிபோன் கம்பி வழியாக வந்த இணைப்பு. மழைத்தூறல் விழுந்தாலே படுத்துக்கொள்ளும். தங்கையின் கை தூக்கிய இடத்திலேயே நிற்கும், முகம் கட்டம் கட்டமாக உடையும். அவளுக்கும் அங்கே அப்படித்தான். இருவரும் மாறி மாறி விரலைச் சுழற்றி, மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு விஷயம் போய்ச் சேர ஒரு யுகம் ஆகும். ஆனால் சேர்ந்துவிடும்.

அடுத்து, ஜன்னலில் வைக்கிற சிம் டப்பா. விடியற்காலையில் குதிரை, தெருவெல்லாம் எழுந்து போனை எடுத்துவிட்டால் நொண்டிக் கழுதை. அதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு டிவி கேபிளில் வரும் இணைப்புக்கு மாறினார். போனில் வேகம் அளக்கும் வட்டத்தில் முள் விர்ரென்று ஏறி வலக்கோடிக்குப் போனது. அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த ஞாயிறு தங்கையின் விரல்நகம் வரை தெரிந்தது. மூலைக் கட்டத்தில் தெரிந்த அவருடைய முகமும் பளிச்சென்று இருந்தது. பாரு, எவ்வளவு வேகம் என்று மார்தட்டிக் காட்டினார். அவள் சிரித்தாள்.

அதற்குப்பின் தங்கை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். விரல் சுழற்றி மறுபடி கேட்பதே இல்லை. இவர் ஏதாவது சொன்னால் சிரிப்பாள், தலையாட்டுவாள், சீக்கிரமே அடுப்பில் வேலை என்று எழுந்துவிடுவாள். ஒரு ஞாயிறு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, ஓய்வுக்குப் பிறகு உன்னிடமே வந்து இருந்துவிடட்டுமா என்று கேட்டார். அதற்கும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல். அடுத்த வாரம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல மனமில்லை போலும் என்று இவர் எடுத்துக்கொண்டார். மறுபடி கேட்கத் தன்மானம் இடம் தரவில்லை. ஆனாலும் வீட்டுக்காரம்மாவிடம், அறையைக் காலி செய்தாலும் செய்வேன் என்று சொல்லிவைத்திருந்தார்.

மடிப்பு மேசைக்காரி காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த சமயம். பொழுது போகாமல் ஒருநாள் இவரை வீடியோவில் கூப்பிட்டாள். கூப்பிட்டவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"அண்ணே, உங்களுக்கு மூஞ்சியே இல்லண்ணே! மழையில நனைஞ்ச சுவரொட்டி மாதிரி இருக்கீங்க. கைய ஆட்டுங்க... ஐயோ, ஆறு கை தெரியுது. சாமியாட்டம் இருக்கீங்க!"

"உன் போன் சரியில்ல."

"என் போனுக்கு என்ன? காலையில என் ஓரகத்தி பேசினா, மூக்குல பரு இருக்கறது தெரிஞ்சுது. உங்க லைன்தான் படுத்துடுச்சு. எங்க, அளந்து சொல்லுங்க பார்ப்போம்."

அவர் வீராப்பாக இன்னொரு போனில் அளந்தார். முள் வலக்கோடிக்கு ஏறி நின்றது. "ஏறிடுச்சு பாரு, மூடிடறேன்" என்றார்.

"அதுக்குள்ள ஏன் மூடறீங்க? இன்னும் ஓடுமே."

"அது சும்மா, சரிபார்க்கறதுக்கு இன்னொரு தடவை ஓடும்."

"சரிபார்க்கறதா? அதுதாண்ணே போற வேகம்! முதல்ல ஓடினது உங்களுக்கு வர்றது. இது உங்ககிட்டருந்து போறது. இத்தனை நாள் நீங்க பாதி மீட்டர்தான் பார்த்தீங்களா?"

இரண்டாவது ஓட்டத்தில் முள் எழுந்திருக்கவே மனமில்லாதது போல் இடக்கோடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அந்தத் தலையாட்டல் அவருக்குப் பிடிபட்டது. கல்யாணவீடுகளில் சொந்தக்காரர்கள் குனிந்து வாயை அகலத் திறந்து ஏதாவது கேட்பார்கள். தங்கைக்கு ஒன்றும் புரியாது. ஆனால் சிரித்துத் தலையாட்டிவிடுவாள். அவர்கள் நகர்ந்ததும் அண்ணனைப் பார்த்து, என்ன உளறிவிட்டுப் போகிறார்கள் என்று கையால் கேட்பாள். ஊராருக்கென்று வைத்திருந்த தலையாட்டலைத்தான் இவ்வளவு காலமும் இவருக்கும் தந்திருக்கிறாள்.

ஃபைபர் இணைப்பு போட வந்தவர் சுவரில் துளை போட்டு, நூல்மாதிரி ஒன்றை உள்ளே இழுத்தார். "இதுல வர்றதும் போறதும் ஒரே வேகம்தாங்க" என்றார். மீட்டர் இரண்டு ஓட்டமும் முடியும்வரை அவரைப் போகவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை திரைக்கு வந்தவள் அப்படியே முன்னால் குனிந்தாள். தாடியை ஏன் இப்படி வளர்த்து வைத்திருக்கிறாய் என்று கன்னத்தைச் சுரண்டிக் காட்டினாள். நரைத்துவிட்டாயே என்றாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை, என் முகம் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இவர் கேட்டார்.

'நீ வாராவாரம் வேகம் வேகம்னு குதிச்சுக்கிட்டிருந்தே. எப்படிச் சொல்றது? என் கண்ணுதான் மோசம்னு நினைச்சேன். கண்ணும் போயிடுச்சுன்னு யார்கிட்டயாவது சொல்ல முடியுமா எனக்கு?'

அவர் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, பழைய கேள்வியை மறுபடி கேட்டார். ஓய்வுக்குப் பிறகு, நான், உன் வீட்டில்.

தங்கையின் கைகள் நின்றுவிட்டன. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தார். பின்னால் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. அவள் கண் இமைத்தாள்.

'இடம் இல்லைண்ணா' என்றாள். 'இருக்கறது ரெண்டு ரூம். பையன் பொண்டாட்டி குழந்தையோட வந்துட்டான். நாங்களே கூடத்துல படுக்கறோம். இங்க வந்தா நீயும் நிம்மதியா இருக்கமாட்டே, நானும் இருக்கமாட்டேன். வா, கொஞ்ச நாள் இரு, திரும்பிப் போ.'

எதையும் மறுபடி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு விரலசைவுகூட மங்கவில்லை. சரி என்றார். கோபமா என்றாள். இல்லை என்றார். அதன்பின் அவள் வெகுநேரம் பேசினாள்: மருமகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, விட்டுப்போன மாதங்களையெல்லாம் சேர்த்து. இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கீழே இறங்கிப் போய், அறையைக் காலி செய்யவில்லை என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள் அந்த அம்மாள். "காலி பண்ணுவீங்கன்னுதான் சுவருக்குப் பெயிண்ட் அடிக்காம வச்சிருந்தேன். ஆள் வரச்சொல்லட்டுமா? என்ன கலர் வேணும்?"

"இப்ப இருக்கறதே அடிச்சுடுங்க" என்றார்.

"இப்ப என்ன கலர்?"

யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று மாடி ஏறினார்.